சம்பூர்ணத்துக்குச் சுவரில் ஓர் இடம்

எங்கள் வீட்டுப் பின்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அது பத்திரத்தில். சுவரில் கொக்கி அடித்து சைக்கிள்களைத் தூக்கி மாட்ட ஆரம்பித்த பிறகு அறை நீள ஆரம்பித்தது. இப்போது கதவிலிருந்து கடைசி ஜன்னலுக்குப் போக சைக்கிளில் நான்கு நிமிடம் ஆகிறது. எதிர்க்காற்று இருந்தால் ஐந்து.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பட்டறை வைக்க வீட்டில் இடமில்லை என்று மூக்கால் அழுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். எனக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அறைக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு சைக்கிள் மாட்டினால் சரியாக ஒரு சைக்கிள் நீளம்தான் கூடும். ஒரு பம்பு மாட்டினால் ஒரு பம்பு அகலம். ஆள் உட்காரும் அளவுக்கு ஒருநாளும் மிஞ்சியதில்லை. டேப் வைத்து அளந்துவிட்டேன்.

அதனால் என் மனைவி சம்பூர்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. முன்னறையில் டயர்கள். சமையலறையில் செயின்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன். அவளுடைய தையல் மிஷின் குளியலறையில் இருந்தது. அவள் உடுமலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை போன் செய்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றேன். எனக்குன்னு ஒரு எடம் இருந்தா இருக்கறேன். இல்லீன்னா அஞ்சே முக்கா பஸ்ஸுல திரும்பிப் போயிருவேன். அப்பறம் வரமாட்டேன்."

"எவ்வளவு பெரிய எடம்?"

"என்ற ஒடம்பு அளவுக்கு."

வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷமாக அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.

இங்கே கோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். அங்கே கருவிகளை மாட்ட ஒரு பெரிய பலகை. சுத்தியல், அரம், ஸ்பேனர் என்று ஒவ்வொன்றையும் பலகைமேல் வைத்து, சுற்றிலும் சிவப்பு எனாமலில் கோடு போட்டிருப்பார்கள். சாயந்தரம் சங்கு ஊதியதும் போர்மேன் பலகையை ஒரு பார்வை பார்ப்பார். ஏதாவது ஒரு கோட்டுக்குள் பலகை தெரிந்தால் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. எனக்கு அந்தப் பலகை மிகவும் பிடிக்கும். அதற்கு வாய் கிடையாது, ஆனால் பொய் சொல்லாது.

பின்னறைச் சுவரிலும் அதையே செய்தேன். எல்லாவற்றுக்கும் கோடு. பன்னிரண்டு-பதிமூன்று அளவு ஸ்பேனருக்குக் கோடு போட்டபோது அது வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருக்காரர் வாங்கிப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் ஜோடியை வைத்து அளவெடுத்தேன். முந்தின வாரம் புதன்கிழமை காலை அந்த ஸ்பேனர் ஜன்னல் வழியாக வந்து கோட்டுக்குள் ஒட்டிக்கொண்டது. லேசாக மூச்சு வாங்கியது.

அப்போதுதான் தெரிந்தது. கோடு போட்ட பொருள் போகாது. போனாலும் திரும்பி வந்துவிடும். அட, இது முதலிலேயே தெரிந்திருந்தால் எத்தனை கட்டிங் பிளேயர் மிஞ்சியிருக்கும்!

ஆர்வம் தாங்காமல் கண்ணில் பட்டதற்கெல்லாம் கோடு போட்டேன். சம்பூர்ணம் உட்காரும் நாற்காலிக்கும் போட்டேன். அது தப்பு. மறுநாள் அவள் அதில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது நாற்காலி எழும்பிச் சுவருக்குப் போய்விட்டது. ஆறடி உயரத்தில் அவள் முறத்தோடு இருந்தாள். நான் கீழே நின்று பார்த்தேன். கோடு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் கொக்கிகளைப் பிடித்து இறங்கி, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு உடுமலை பஸ் ஏறினாள்.

எனாமலை அழிக்க முடியாது. மண்ணெண்ணெய் வைத்தும் தேய்த்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. சம்பூர்ணத்துக்கும் ஒரு கோடு போட்டுவிட்டால்? அவளுக்கென்று ஓர் இடமும் ஆகிவிடும், அவள் அளவுக்கே ஆகிவிடும், பஸ் ஏறினாலும் திரும்பி வந்துவிடுவாள். ஒரே கோட்டில் மூன்று வேலை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

பக்கத்து வீட்டு சென்னியப்பன் அண்ணனிடம் சொன்னேன். அவர் திங்கட்கிழமையிலிருந்து எங்கள் பின்னறையில் ரிப்பேர் ஸ்டாண்டாக இருக்கிறார். சைக்கிளைத் தூக்கி அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கொடுத்தால் பிடித்துக்கொள்வார். சக்கரம் தரையிலிருந்து இரண்டடி மேலே நிற்கும். நல்ல பிடிமானம்.

"அம்மிணி இல்லாம எப்படி கோடு போடுவே?" என்றார். "ஸ்பேனருக்கு ஜோடி இருந்துது. அம்மிணிக்கு ஏது ஜோடி?"

"அதுதானுங்கண்ணா யோசிக்கறேன்."

"தாலுகா ஆபீசுக்குப் பின்னால உருவ அளவுப் பிரிவு இருக்குது. அங்க போய்க் கேளு. போறதுக்கு முன்ன இந்தப் பெடலைச் சித்தெ சுத்தி விடு. சும்மா நின்னா கூச்சமா இருக்குது."

சுற்றிவிட்டுப் புறப்பட்டேன்.

உருவ அளவுப் பிரிவில் வரிசை சின்னதுதான். எனக்கு முன்னால் ஒருவர் தன் வீட்டு மாடியைக் கொண்டுவந்திருந்தார். படிக்கட்டு இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாளின் பெயர்ப் பலகையில் பெனினாள் என்று இருந்தது.

"பொருளா, ஆளா?"

"ஆளுங்க. என்ற சம்சாரம்."

"ஆள் எங்க?"

"உடுமலையில."

"சுத்தியலை உடுமலையில வெச்சிட்டு இங்க கோடு போடுவீங்களா?"

நியாயமான கேள்வி. எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. நான் நிலைமையைச் சொன்னேன். அஞ்சே முக்கால் பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். பெனினாள் ஒரு படிவத்தை எடுத்தார்.

"உயரம்?"

"என் தோளுக்கு வருவா."

"தோள் எவ்வளவு உயரம்?"

"அது நான் எப்படி நிக்கறேங்கறதைப் பொறுத்துங்க."

எழுதிக்கொண்டார்.

"நிக்கறப்ப எந்தக் கால்ல சாஞ்சு நிப்பாங்க?"

தெரியவில்லை.

"யோசிக்கறப்ப கை எங்க இருக்கும்? தலையிலயா, இடுப்புலயா?"

அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. யோசித்திருப்பாள். நான் அப்போது வேறு பக்கம் திரும்பியிருப்பேன்.

"சிரிச்சா தோள் மேல ஏறுமா?"

காது சூடாகிவிட்டது. ஒன்றுமே தெரியாத ஆள் என்று அந்த அம்மாள் நினைத்துவிடக் கூடாதே என்று, தெரிந்ததைச் சொன்னேன்.

"அவளோட சைக்கிள் நல்லாத் தெரியுங்க. இருபது இஞ்சு லேடீஸ். பின்சக்கரத்துல பதினோராவது கம்பி மாத்தினது. இடது பெடல் ரெண்டு நூல் உள்பக்கம் வளைஞ்சிருக்கும்."

"ஏன் வளைஞ்சுது?"

"கீழ விழுந்துட்டா."

"எப்ப?"

"பெடல் வளைஞ்சப்ப."

"அடி பட்டுதா?"

"பெடலுக்குங்களா?"

பெனினாள் பேனாவை மூடி வைத்தார். பிறகு படிவத்தின் மேல் ஒரு முத்திரை குத்தினார். 'நினைவுப்படி' என்று இருந்தது.

"இது இருந்தா ஆள் இல்லாம போடலாம். ஞாபகத்துல என்ன இருக்கோ அதுதான் வரும். ஒரு தடவை போட்டா அதான் கோடு. பொருந்தற ஆளு அதுக்குள்ள போயிட்டா அப்பறம் திருத்தம் கெடையாது."

"பொருந்தலீன்னா?"

"பொருந்தற ஆள் வர்ற வரைக்கும் காலியா இருக்கும். அடுத்து யாருங்க?"

வீடு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. சென்னியப்பன் அண்ணனுக்கு அவர் மனைவி பாப்பாத்தியக்கா ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பென்சிலையும் எனாமல் டப்பாவையும் கேரியரில் கட்டிக்கொண்டு அறையின் கடைசிக்கு மிதித்தேன். ஜன்னல் பக்கத்துச் சுவரை அவளுக்கென்று முடிவு செய்திருந்தேன். அறையிலேயே வெளிச்சம் உள்ள இடம் அதுதான். எனக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முத்திரைக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினேன். தலையில் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தேன். பென்சில் மணிக்கட்டில் ஆரம்பித்தது. சரி, போகட்டும், என்னதான் வருகிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். பென்சில் நிற்காமல் போனது. விரல்கள் வந்தன. முழங்கை வந்தது. தோள், கழுத்து, கொண்டை. அப்புறம் புடவைக் கொசுவம் வழியாக இறங்கி, பாதத்தைச் சுற்றி, மறுபக்கம் ஏறியது. முகத்துக்கு ஒன்றும் போட வேண்டியதில்லை. வெளிக்கோடு போதும். அதுவரைக்கும் நல்லதாயிற்று.

தள்ளி நின்று பார்த்தேன். அவளேதான். இத்தனை நாள் எனக்குள்ளேயே இருந்திருக்கிறாள், தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எனாமல் டப்பாவைத் திறந்தேன். நாலரைக்கு வேலை முடிந்தது. நாலே முக்காலுக்குக் காய்ந்துவிட்டது.

ஐந்து அடிக்கும்போது சம்பூர்ணம் கதவைத் திறந்தாள். கையில் அதே பை. பையைக் கீழே வைக்கவில்லை.

"வாங்கம்மிணி," என்றார் சென்னியப்பன் அண்ணன்.

"ஏனுங்கண்ணா, இங்கியே இருக்கறீங்களா?"

"ஆமா கண்ணு. சோலி இருக்குது."

"எடம் எங்கீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கடைசியில. சைக்கிள்ல உக்காரு, கூட்டிட்டுப் போறேன்."

"நான் நடந்தே வர்றேன்."

நடந்தால் இருபது நிமிடம். நான் அவளுக்குப் பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் காட்டிக்கொண்டு போனேன். இங்கே ரிம்முகள், அளவு வாரியாக. இங்கே ஃப்ரீவீல்கள். பால்ரஸ் குண்டுகள் ஊறுகாய் பாட்டில்களில். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். "ஊறுகா எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நான் கோடு போட்டிருக்கவில்லை.

ஐந்து இருபதுக்கு ஜன்னலுக்கு வந்து சேர்ந்தோம். அவள் சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது ஆருங்க?"

"நீதான்."

"கை ஏன் இப்படி நீட்டிட்டு இருக்குது?"

நான் அப்போதுதான் கவனித்தேன். வலது கை முழங்கையில் மடங்காமல் பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்களுக்கு நடுவில் இன்னொரு சின்னக் கோடு. மேலே விளிம்பு, கீழே அடி.

"டம்ளர்," என்றேன். "காப்பி. நான் வேலை செய்யறப்ப நீ கொண்டு வந்து அப்படித்தான் நிப்பே. நான் கை தொடைக்கற வரைக்கும்."

"அப்ப மட்டும்தான் பாத்தீங்களா?"

"எப்பவும் பாப்பேன். ஞாபகத்துல அதுதான் வந்துது."

அவள் பையைக் கீழே வைத்தாள். எனக்கு உயிர் வந்தது. சுவரோடு சேர்ந்து கோட்டுக்குள் நின்றாள். கொண்டைக்கு மேல் ஒரு சாண் சுவர் தெரிந்தது. தோள் இரண்டு பக்கமும் எட்டவில்லை. கையை நீட்டினாள். விரல் நுனி கோட்டின் மணிக்கட்டு வரைக்கும்தான் போனது.

நான் நின்ற உயரத்தில், என் கை வீச்சில் போட்டிருக்கிறேன். ஒரு ஃபிட்டர் செய்யக் கூடாத பிழை. பத்து வயதுப் பையன்கூடச் செய்யமாட்டான். எனக்கு வந்த கோபத்தில் பென்சிலை ஒடித்தேன்.

"கொஞ்சம் எம்பி நில்லு," என்றேன்.

எம்பினாள்.

"கையை இன்னும் நீட்டு."

நீட்டினாள்.

"எத்தனை நேரம் இப்படியே நிக்கறதுங்க?"

"வேணுங்கற வரைக்கும்."

"ஆருக்கு வேணுங்கற வரைக்கும்?"

அவள் குதிகாலைத் தரையில் வைத்தாள். கையைத் தொங்கவிட்டாள். கோட்டைவிட்டு வெளியே வந்தாள். கோடு அவளைப் பிடித்துவைக்கவே இல்லை. சுவர் அவளுக்குப் பின்னால் காலியாக நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டாள். மணி ஐந்து இருபத்தெட்டு.

"சம்பூர்ணம், போகாதே," என்றேன். "நீ இல்லாம இந்த வீடு எனக்குப் பயமா இருக்குது. ராத்திரி ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்கறதில்ல."

"எனக்கு எடம் இல்லீங்களே."

"இருக்குது. பழகிட்டா போதும். ஒண்ணும் கஷ்டமில்ல. நின்னு காட்டறேன், பாரு."

இதை நான் யோசிக்காமல் சொன்னேன். எந்த வேலையையும் செய்து காட்டிச் சொல்லிக்கொடுத்தே பழகியவன். சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். வலது கையை நீட்டினேன்.

நட்டு மரையில் ஏறியதும் ஒரு சின்னச் சத்தம் கேட்குமே, அது என் முதுகெலும்பில் கேட்டது.

தலைக்கு மேல் சுவர் இல்லை. தோள் இரண்டு பக்கமும் கோட்டைத் தொட்டது. கொண்டை இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் காற்று. மற்றபடி ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒன்று பொருந்தி நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? இவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மூன்று அடி நடந்தேன். நான்காவது அடி பின்னால் போயிற்று. ஐந்தாவதும் ஆறாவதும் அப்படியே. முதுகு மறுபடியும் சுவரில் ஒட்டியது. கை தானாக நீண்டது.

சம்பூர்ணம் பையோடு கிட்டே வந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை நடங்க."

நடந்தேன். திரும்பி வந்தேன்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல. கூச்சமாத்தான் இருக்குது."

அவள் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்கும்போது அவள் கை பின்கழுத்தில் இருந்தது. சுவரிலிருந்து பார்த்தால் இதெல்லாம் நன்றாகத் தெரிகிறது. அவள் இடது காலில் சாய்ந்து நிற்கிறாள்.

அப்போது அறை நீண்டது. நான் மாட்டப்பட்ட அளவுக்கு, ஓர் ஆள் அகலம். ஜன்னலுக்குக் கீழே வெறும் தரை வந்தது. இதுவரை யாரும் எதுவும் வைக்காத தரை. வெயில் அதில் சதுரமாக விழுந்தது.

அவள் அதைச் சுற்றி நடந்து பார்த்தாள். நடுவில் போய் நின்றாள். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை.

பிறகு என் சைக்கிளில் ஏறிப் போனாள். ஐந்து நாற்பத்துமூன்றுக்குத் திரும்பி வந்தாள். கேரியரில் தையல் மிஷினின் தலை, ஹேண்டில்பாரில் முக்காலி, இன்னொரு பக்கம் பாப்பாத்தியக்கா கொடுத்த காப்பி பிளாஸ்க். மிஷினின் அடிப்பாகத்தைச் சென்னியப்பன் அண்ணன் தோளில் மாட்டி நடத்தியே கூட்டிவந்துகொண்டிருந்தார் பாப்பாத்தியக்கா. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தார்கள்.

அஞ்சே முக்கால் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சம்பூர்ணம் நிமிர்ந்து கேட்டாள். மறுபடியும் அடித்தது. அவள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியே சொன்னேன்.

"எனக்கும்தானுங்க," என்றாள். "இப்ப எடம் இருக்குது."

பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் காப்பி ஊற்றினாள். குடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் விரல்களுக்கு நடுவில் டம்ளரைப் பொருத்தினாள். கோட்டுக்குச் சரியாக உட்கார்ந்தது. நல்ல சூடு.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தானுங்க."

போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் ஒருமுறை தவறியது. நுனியை நாக்கில் வைத்து நனைத்து மறுபடியும் பார்த்தாள். அவள் ஒரு கண்ணை மூடுவதே இல்லை, இரண்டையும் சுருக்கித்தான் பார்க்கிறாள். எனக்கு இது தெரியாது. காப்பியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"சம்பூர்ணம், ஆறுது," என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"வெச்சிருங்க, வர்றேன்."

வைத்திருக்கிறேன்.